தட்டாத கதாநாயகர்கள்

கூண்டுச் சண்டைப் படங்களோடு எனக்குள்ள தகராறு ஒன்றே ஒன்றுதான். அவற்றில் வரும் கதாநாயகன் தட்டவே மாட்டான்.

எம்எம்ஏ என்கிற இந்தச் சண்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். குத்தலாம், உதைக்கலாம், தரையில் உருட்டிக் கையையோ கழுத்தையோ பூட்டுப் போட்டு முறுக்கலாம். பூட்டில் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தரம் தட்டினால் போதும். அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும். தட்டியவருக்குத் தோல்வி, ஆனால் கை கால் பத்திரமாக வீடு வந்து சேரும். இத்தனை முரட்டு விளையாட்டுக்குள் இப்படி ஒரு நாகரிகம் இருக்கிறதே என்றுதான் நான் இதில் பைத்தியமானேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிநாட்டுச் சண்டைகள் நேரலையில் வரும். அந்த நேரத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் என் முதுகோடுதான் பேச வேண்டும்.

படத்தில் என்ன செய்கிறார்கள்? கழுத்து நெரிபடுகிறது, கண் சொருகுகிறது, அப்போது பார்த்து அவனுக்குச் செத்துப்போன அம்மாவின் ஞாபகம் வருகிறது. உடனே உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறான். கழுத்துப் பூட்டு சரியாக விழுந்தால் சில நொடிகளில் மயக்கம் வந்துவிடும், அம்மா வந்து சேர நேரமே இருக்காது. பல மாதப் பயிற்சியை ஒரே பாட்டில் முடித்துவிடுவார்கள். நடுவர் என்று ஒருவர் நிற்பார், பாவம், கல்யாண வீடியோவில் ஓரமாகத் தெரியும் உறவுக்காரர் மாதிரி. நான் காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். புதுப் பலகையில் டீத் தண்ணீரைத் தேய்த்து, நூறு வருஷத்துக் கதவு என்று ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தால் வருகிற எரிச்சல்தான் இந்தப் படங்களைப் பார்த்தாலும் வரும். ஆனாலும் ஒன்று விடாமல் பார்த்துவிடுவேன்.

என் மனைவிக்கு இந்தப் படங்கள்தான் பிடிக்கும், நிஜச் சண்டை பிடிக்காது. தியேட்டரில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிடி தப்பு, கால் வைத்த இடம் தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன்.

“அந்தாளு காசு வாங்கிக்கிட்டு நடிக்கிறாரு. நீங்க காசு குடுத்துட்டு வந்து எதுக்கு அவருகூட மல்லுக்கு நிக்கிறீக?” என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு மேல் பேசாமல் என் தொடையில் இரண்டு தரம் தட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடித்தான் ஆக வேண்டும், அது எங்கள் வீட்டுச் சட்டம்.

சட்டம் போட்டவள் எங்கள் மகள். பத்தாவது முடித்த விடுமுறையில் இதே சண்டைப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். முதல் நாள் அங்கே குத்தவோ உதைக்கவோ சொல்லித் தரவில்லை, தட்டத்தான் சொல்லித் தந்தார்கள். அவள் வீடு திரும்பியபோது ஒக்கூரில் நடக்கும் காதுகுத்துக்கு யார் போவது என்று நானும் மனைவியும் வாக்குவாதத்தில் இருந்தோம். குறுக்கே வந்து நின்றவள், இனிமேல் யாருக்குப் பேச்சு வலிக்கிறதோ அவர் இரண்டு தரம் தட்டலாம், மற்றவர் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், பிறகு அதைக் கிளறக் கூடாது என்றாள். அவளும் தட்டியிருக்கிறாள், அவள் அம்மாவும் தட்டியிருக்கிறாள். நான் மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை. எனக்கு அதற்கு அவசியம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவளுக்கு முதல் போட்டி வந்தது. அடுத்த வாரம் பரீட்சை. “கையில அடிபட்டா எப்படி எழுதுவா?” என்று மனைவி கவலைப்பட்டாள். தட்டு என்று ஒன்று எதற்கு இருக்கிறது, அவள் என் மகள், நேரம் பார்த்துத் தட்டிவிடுவாள் என்று நான் பெரிய நிபுணன் மாதிரி தைரியம் சொன்னேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் என்பதால் சுலபமாகக் கிடைத்திருந்தது. பந்தி போடுகிற கூடத்தில் மெத்தை விரித்திருந்தார்கள். முதல் சுற்றில் மகள் நன்றாகவே ஆடினாள். இரண்டாவது சுற்று முடியப்போகும் நேரத்தில் எதிரே இருந்த பெண் அவளைக் கீழே சாய்த்து, வலது கையைத் தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் கொடுத்துப் பூட்டிவிட்டாள். முழங்கை நீண்டுகொண்டே போனது. சரியான பூட்டு. வெளியே வர வழியில்லை என்பது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்த எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

“தட்டிரு ஆத்தா, தட்டிரு” என்றாள் என் மனைவி. கண்ணைத் துடைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். “தட்டாத. பத்து செகண்டுதான் இருக்கு. தாங்கிக்க, தட்டாத.”

அவள் தாங்கினாள். பிறகு தட்டினாள். அந்தப் பெண் உடனே விட்டுவிட்டாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள், ஆனால் மகளின் வலது கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். பரீட்சை போயிற்று.

சாயங்காலம் மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். யாராவது பேசினால் தேவலை என்றிருந்தது எனக்கு. அதனால் நானே ஆரம்பித்தேன். இடுப்பைத் திருப்பியிருக்கலாம், கட்டைவிரலை மேலே பார்க்க விட்டிருக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். மகள் பொறுமையாகக் கேட்டாள்.

“மொதல்லயே தட்டத்தாம்ப்பா கையத் தூக்குனேன்” என்றாள். “நீங்க கத்துனது கேட்டுச்சு. அதான் தூக்குன எடது கையத் தட்டாம அப்படியே வச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. மனைவி என்னைப் பார்க்காமல் சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. மகள் மறுபடி வாயைத் திறக்கப் போனாள்.

நான் மேஜையில் இரண்டு தரம் தட்டினேன்.

மகள் பேச வந்ததை நிறுத்திக்கொண்டாள். இடது கையால் கரண்டியை எடுத்தாள். “விட்டாச்சுப்பா” என்றாள். “சாப்பிடுங்க.”