நெற்றிப் புடைப்பும் சம்பந்தி முட்டியும்

எனக்கு எழுபது வயது. வளர்த்த பிள்ளைகள் ஒன்பது. தலையில் புடைப்பு வாங்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. வாந்தி, மயக்கம் என்றால் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரி... அது வேறு. வெறும் புடைப்புக்கு? நானே டாக்டர்!

முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, மெல்ல ஒத்த வேண்டும். தேய்க்கக் கூடாது. இது பாதி வைத்தியம்தான். மீதி? இடித்த பொருளை அடிக்க வேண்டும். கதவோ, உரலோ – "கொழந்தய இடிச்சியா?" என்று இரண்டு போட்டால்தான் அழுகை நிற்கும்.

போன ஞாயிறு, பேத்தி லூர்துவைப் பெண் பார்க்க மொரப்பூரிலிருந்து வந்தார்கள். முன்பே இரண்டு இடம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று போனது, போனதுதான். இந்த மாப்பிள்ளையின் அப்பாவோ, காபி ஆறிவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து எழுந்து வந்தவராம். லூர்துவின் அப்பனான என் மகன் காலையிலிருந்தே அடுப்படிக்கு வந்து வந்து காபிச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காபி சூடாகத்தான் போனது. ஆனால் லூர்துவின் அக்கா மகன், ஒரு வயதுப் பொடியன் சூசை, தத்தித் தத்தி நடந்து போய் மாப்பிள்ளையின் அப்பா முட்டியில் 'ணங்'கென்று முட்டிக்கொண்டான். நெற்றியில் இலந்தைப்பழம் மாதிரி புடைப்பு!

ஒத்தினேன். புடைப்பு அடங்கியது. அழுகை அடங்குமா? அவர் முட்டியை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு ஒரே கத்தல்.

"என்னங்கம்மா, என்னயே காட்டறான்?"

"ஒண்ணுமில்லீங்க... அடிக்கச் சொல்றானுங்க."

"யாரைங்க?"

"உங்க முட்டியத்தானுங்க."

மனிதர் முகம் இறுகியது. மகன் என்னை முறைத்தான். நான் நாற்காலியை அடித்துப் பார்த்தேன். சூசை 'அது இல்லை' என்று தலையை ஆட்டிவிட்டான். மகன் முதுகில் ஒன்று வைத்தேன். பொடியன் கொஞ்சம் சிரித்தான்... மறுபடி கத்தல். பிள்ளையை ஏமாற்ற முடியுமா?

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழப் பார்த்தார். போச்சு, மூன்றாவது இடமும்!

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்தார்.

"இருங்க, நான் அடிக்கறேன்." குனிந்து முட்டியைப் பார்த்துப் பேசினார். "ஏ முட்டி! பச்சக் கொழந்தயவா இடிக்கற?" – பளார்! "அடுத்தவங்க வூட்டுல இப்பிடித்தான் நீட்டிக்கினு உக்காருவியா?" – பளார்! மூன்றாவது அடிக்குக் காரணமே சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டுப் பழைய பாக்கி.

சூசை கைதட்டிச் சிரித்தான். அந்த அம்மா உட்கார்ந்து, "எனக்கு இந்த வூடு புடிச்சிருக்குதுங்க" என்றார். வீட்டுக்காரர் முட்டியைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். வேறு வழி?

லூர்து, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, இதை எனக்குப் படித்துக் காட்டு கண்ணு. மூன்றாவது அடியை மட்டும் சத்தமாகப் படி – உன் ஆயாவுக்குக் காது மந்தம்.