தெப்பத்தில் கட்டிய கப்பல் வளையம்

போன வாரம் எங்கள் காஞ்சிபுரத்தில் தெப்ப உற்சவம். சாமி பார்க்கத்தான் போனேன். ஆனால் கண்ணில் பட்டது சாமி அல்ல... ஒரு வளையம்!

கப்பலிலிருந்து யாராவது கடலில் விழுந்தால் தூக்கிப் போடுவார்களே, அந்த மிதவை வளையம்தான். ஒரு பட்டு ஜவுளிக்கடை முதலாளி மெட்ராஸ் துறைமுகம் வரை போய் வாங்கி வந்து, தெப்பத்துக்கு உபயம் செய்திருந்தார். நல்ல காரியம். யார் வேண்டாம் என்றது?

உபயம் என்றால் பெயர் வேண்டாமா? வளையம் முழுக்க முதலாளி பெயர், அவர் அப்பா பெயர், கடை விலாசம். வளையத்தோடு வந்த கயிறு எழுத்தை மறைத்ததாம். அதை அவிழ்த்து, அந்தக் கயிற்றாலேயே தெப்பத்தில் வாழைமரம் கட்டிவிட்டார்கள். வளையம் திரும்பிக்கொண்டால் பெயர் தெரியாதே! அதனால் தெப்பத்தின் தூணோடு கம்பி போட்டு முறுக்கியாகிவிட்டது.

குளத்தின் மூலை திரும்பும்போது, கரையில் வடம் பிடித்தவர்கள் உற்சாகத்தில் வெடுக்கென்று இழுத்தார்கள். தெப்பம் ஆடியது. ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்த தவில்காரர் கோவிந்தசாமி — தவிலோடு தண்ணீரில்!

"அய்யய்யோ, அவருக்கு நீச்சல் தெரியாதுபா!" என்று அலறினார் நாதஸ்வரக்காரர்.

தெப்பத்தில் இருந்தவர்கள் வளையத்தின் மேல் பாய்ந்தார்கள். கம்பி அசையவில்லை. ஒருவர் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். இன்னொருவர் கட்டையை விட்டு நெம்ப, என் பக்கத்தில் படியில் நின்ற முதலாளி பதறினார்:

"பாத்துபா, பாத்து... பெயிண்ட்டு போயிடப் போவுது!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் காப்பாற்ற வளையம் வேண்டுமே?

கோவிந்தசாமி பிழைத்தார். எப்படி என்கிறீர்களா? தவில் மிதந்தது! மனிதர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்க, கரையிலிருந்து இரண்டு பேர் குதித்து இழுத்து வந்தார்கள். வெடவெடவென்று நடுங்கியவரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி முன்னால் வந்தார். "பாத்தியாபா? நாம வளையம் வெச்ச நேரம், உயிர் பொழச்சிக்கினே!"

கோவிந்தசாமி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அப்போ அடுத்த வருஷம் நீங்களும் தெப்பத்துல ஏறுங்க மொதலாளி. ஓரமா நில்லுங்க. அதான் உங்க வளையம் இருக்குதே!"

முதலாளி குளத்துப் படியில் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டார்.