இரண்டாம் ஓலை

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வீட்டுச் செலவுக் கணக்குப் போட எதற்கு எம்.ஏ.? நாகர்கோவிலில் எங்கள் தெருவில் இதைக் கேட்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். "எக்கனாமிக்ஸ் படிச்சா சாளை மீனுக்க வெலை குறையுமா பிள்ளே?" என்று மீன்காரி கேட்டாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டதாவது விலையைப் பற்றிய கேள்வி. படித்த ஆண்கள் சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு வந்து கேட்டபோதுதான் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

நாடு சுதந்திரமடைந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஐந்தாண்டுத் திட்டம் பற்றிப் பத்திரிகையில் தினமும் ஏதாவது வரும். எதை எவ்வளவு விளைவிப்பது, யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்று சிலர் டில்லியில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்றால், அந்த யோசனை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பி.ஏ.யை ஊரிலேயே முடித்துவிட்டேன். எம்.ஏ.வுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவர்கள், திருவனந்தபுரம்தான் எங்களுக்குத் தலைநகர். இன்றைக்கு எல்லையாக இருக்கும் களியக்காவிளையில் அன்று பஸ் நின்றால் டிரைவர் சாயா குடிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம், எல்லை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வகுப்பில் அவர் தொண்டையைச் செருமினாலே பையன்கள் நடுங்குவார்கள். தன் அண்ணன் முன்னால் மட்டும் அவருக்கு வாயே கிடையாது. அந்த அண்ணன், அதாவது என் பெரியப்பா, இரும்புக்கடை வைத்திருந்தார். சபைக் கமிட்டியில் அவர் வைத்ததே சட்டம். ஆலயத்துக்கு எந்த நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்பதிலிருந்து எங்கள் வீட்டில் யார் என்ன படிப்பது என்பதுவரை அவர்தான் தீர்மானிப்பார். அப்பேர்ப்பட்டவர் நான் திருவனந்தபுரம் போகலாம் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிக்கட்டும். எம்.ஏ. படிக்கிய பெண்ணுன்னா மாப்பிள்ளை நல்ல எடத்துல இருந்து வரும், கேட்டியா?" என்றார் அப்பாவிடம்.

அந்தக் காரணம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். வேண்டியது கையில் வந்து விழும்போது கொடுத்தவரிடம் சண்டைக்கு நிற்க நான் என்ன பைத்தியமா?

திருவனந்தபுரத்தில் எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் மலையாளி. தமிழ் பேசுகிறவள் என்பதால் அங்கே என்னைப் பாண்டிக்காரி என்றார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் மலையாளத்தி மாதிரி இழுத்துப் பேசுகிறாள் என்றார்கள். போங்கள், எங்கே போனாலும் ஒரு சொல்! ஆனால் பாடம் எனக்குப் பிடித்துவிட்டது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு மனிதன் வருவான். தனக்கு எது வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இருப்பதில் நல்லதை அவனே தேர்ந்தெடுப்பான், யாரும் அவனைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். புத்தகம் முழுவதும் அவனை நம்பித்தான் ஓடியது. அவனுக்குப் பெரியப்பா கிடையாது போலிருக்கிறது என்று நான் சொன்னபோது அந்த மலையாளித் தோழி வாயில் கையை வைத்து மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் வருஷம். கடைசிப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. அப்போது பார்த்து விடுதியில் ஒருத்திக்கு அம்மை போட்டது. எல்லோரும் நாலைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கடிதம் போட நேரமில்லை. புத்தகங்களைத் துணிப்பையில் அடைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அப்பா என்னைப் பார்த்ததும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்போடு முன்னால் வைத்தாள். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பொதுவாகவே அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"மக்ளே, நீ இண்ணைக்குக் கோயிலுக்கு வராண்டாம். பஸ்ஸுல வந்த அலுப்பு இருக்கும். கெடந்து உறங்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகாமல் இருப்பது என்ற பேச்சே கிடையாது. சின்ன வயதில் காய்ச்சலோடு கம்பளியைச் சுற்றிக்கூட என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பஸ் அலுப்புக்கு ஆலயத்தை விடச் சொல்கிறாளாம் என் அம்மா! என்ன ஏது என்று கேட்பதற்குள் பாட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பெண்கள் பக்கத்தில் பாய் விரித்திருக்கும். கடைசிப் பாயில் தூணோரமாக இடம் கிடைத்தது. அம்மா முன்னால் எங்கோ இருந்தாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஓலை வாசிக்க எழுந்தார். எங்கள் சபையில் ஒரு கலியாணம் நடக்க வேண்டுமென்றால் மூன்று ஞாயிறு அடுத்தடுத்து அதை ஆலயத்தில் அறிவிக்க வேண்டும். அதைத்தான் ஓலை என்போம். ஒவ்வொரு தடவையும் கடைசியில், இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். கேட்பது ஒரு சடங்கு. பதில் வரும் என்று யாரும் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. உபதேசியார் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்.

அன்றைக்கு வாசித்தார். யாரோ ஒரு வாலிபன், தேயிலை எஸ்டேட்டில் வேலை. அவனுக்கும் இன்னாருடைய குமாரத்தியாகிய கன்னிகைக்கும் என்றார். அந்த இன்னார் என் அப்பா. அந்தக் கன்னிகை நான்! இரண்டாம் ஓலை என்று வேறு சொன்னார். அப்படியானால் போன ஞாயிறு, நான் அங்கே விடுதியில் மண்டையை உடைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்த நேரத்தில், முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அடப்பாவிகளா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"தடை ஏதேனும் அறிந்தவர்கள்…" என்று உபதேசியார் தாளைப் புரட்டினார்.

நான் எழுந்து நின்றேன். "தடை உண்டு."

ஆண்கள் பக்கமிருந்து அத்தனை தலைகளும் திரும்பின. உபதேசியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஆரு அது?" என்றார்.

"கலியாணப் பெண்ணு."

"பிள்ளே, இரி. பெண்ணு எழும்பி நிண்ணு பேசுத எடமா இது?"

"தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு நீங்கதான் கேட்டீங்க. ஆம்பளைங்க மட்டும் சொல்லணும்னு கேக்கல்லியே! எனக்குப் பரீட்சை இருக்கு. இந்தக் கலியாணத்துக்கு எங்கிட்ட ஆரும் சம்மதம் கேக்கல்ல."

போதகர் ஒரு பாட்டைச் சொல்லிப் பாட வைத்துவிட்டார். அந்தப் பாட்டை ஆண்கள் யாரும் ஒழுங்காகப் பாடவில்லை.

ஆராதனை முடிந்ததும் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். போதகர், பெரியப்பா, அப்பா. பெரியப்பாவின் முகம் சிவந்து கிடந்தது.

"குடும்ப மானத்தைக் கொண்டு போயி சந்தையில வச்சிட்டியேட்டி! பரீட்சை ஒரு தடையா?"

"ஒரு மாசம் பொறுத்தா என்ன? எழுதிட்டு வந்திருப்பேனே" என்றேன்.

"அதுக்குத்தானேட்டி இந்த ஓட்டம்! மாப்பிள்ளை பி.ஏ. நீ எம்.ஏ. பாஸாயிட்டா அவனுக்கு மேல ஆயிருவ. அவுங்க வீட்டுல தெளிவா சொல்லியாச்சு. பெண்ணு எம்.ஏ. வரை படிச்சிருக்கலாம், பாஸாயிருக்கப்பிடாது."

இரண்டு வருஷம் நான் படித்தது ஒரு வாசல் தோரணம். கலியாணப் பேச்சுக்குக் கட்டிவிட்டு, கலியாணத்துக்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும். படித்தவள் என்ற பெயர் அவர்களுக்கு வேண்டும், படிப்பு எனக்குக் கிடைத்துவிடக் கூடாது. இதை அவர் கூச்சமில்லாமல், ஏதோ இரும்புக் கம்பியின் நீளத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, நீங்க வாத்தியாருதானே?" என்று கேட்டேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கவும் போவதில்லை.

போதகருக்கு என் மேல் தனி இரக்கம் ஒன்றும் கிடையாது. அவருக்கு அடுத்த ஊர் ஆலயத்தில் ஆராதனை இருந்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் விதி விதிதான் என்பவர் அவர். "தடை சொல்லியாச்சு என்றால் வாசித்த ஓலை செல்லாது. சம்மதம் இருந்தால் முதல் ஓலையிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும்" என்றார்.

"வாசிச்சிருவோம் ஐயா. வாற ஞாயிறே தொடங்கிருவோம்" என்றார் பெரியப்பா.

"மூன்று ஞாயிறு வேண்டுமே. அதற்குள் லெந்து தொடங்கிவிடும்."

பெரியப்பா விரல்விட்டு ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தார். ஈஸ்டருக்கு முந்தின அந்த நோன்பு நாட்களில் எங்கள் சபையில் கலியாணம் கிடையாது. லெந்து நாட்களில் யாரும் கலியாணம் வைக்கக் கூடாது என்று கமிட்டியில் மேசையைத் தட்டிப் பேசியவரே அவர்தான். அதற்காகத்தான் லெந்துக்கு முந்தின வாரமே தாலி கட்டிவிட நாள் குறித்திருந்தார்.

"அப்பம் ஈஸ்டர் கழிஞ்சு வச்சுக்கிடலாம்" என்றார் கடைசியில். உடனே அவருக்கே உறைத்தது. "அதுக்குள்ள இவ பரீட்சை எழுதிருவாளே!"

"எழுதுவேன்" என்றேன்.

லெந்து நாட்களிலேயே பரீட்சை எழுதினேன். கோபத்தில் எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும், பேனா முள் இரண்டு தடவை வளைந்தது. மாப்பிள்ளை வீட்டார், ஆலயத்தில் எழுந்து நின்ற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லது. ஆனால் எங்கள் கமிட்டியார் செய்ததைக் கேளுங்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்பதை மாற்றி, தடை அறிந்தவர்கள் ஆராதனை முடிந்தபின் கமிட்டிப் பெரியவர்களிடம் வந்து சொல்லலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கமிட்டிப் பெரியவர் யார்? என் பெரியப்பா! திருடனிடமே போய்த் திருட்டைச் சொல்ல வேண்டும்.

பரீட்சை முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் அறிவிப்புகளை வாசித்தார். நம் சபைக் கமிட்டிப் பெரியவர் தம் தம்பியின் மகளை அரும்பாடுபட்டுப் படிக்கவைத்து எம்.ஏ. பட்டம் பெறச் செய்திருக்கிறார், அவருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம் என்றார். என் பெயர்கூட இல்லை! பெரியப்பா கண்ணை மூடித் தாழ்மையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தாள். சரி, வழக்கம்போல அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

"அது அப்பிடி இல்ல. பிள்ளை தானாட்டு படிச்சா" என்றாள் அம்மா. உட்கார்ந்தபடியே, ஆனால் பீடம்வரை கேட்கும்படி. நாலு பேர் நடுவில் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உபதேசியார் அவசரமாகத் தாளைப் புரட்டினார். பெரியப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிற்று?

"ரெண்டாம் ஓலை வாசிச்ச அண்ணைக்கு நீ பேசியிருந்தா என்ன? அதுவும் என்னைக் கோயிலுக்கு வராண்டாம்னுல்லா சொன்ன! என்னை வீட்டுல பூட்டி வைக்கத்தானே பாத்த?"

அம்மா நடையை நிறுத்தவில்லை. "கோயிலுக்கு வராண்டாம்னு நான் ஒருநாளாவது ஒங்கிட்ட சொன்னதுண்டா?"

"இல்ல."

"பின்ன? வராண்டாம்னு சொன்னா நீ ஓடி வருவன்னு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்க கிட்டயா கேக்குத?"

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். பிறகு மறுபடி கோபம் வந்தது. "அதை எங்கிட்ட நேரே சொல்லியிருக்கப்பிடாதா? அங்கே வச்சுக் கேட்டப்ப எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு தெரியுமா?"

"நான் சொல்லியிருந்தா, அம்மைக்காரி ஏவி விட்டுத்தான் எழும்பினான்னு ஒங்க பெரியப்பா சொல்லியிருப்பாரு. அதையும் ஒங்கிட்ட இருந்து பறிச்சிருப்பாரு" என்றாள். "இப்பம் அது நீயாட்டு எழும்பினது."