புக்கிட் எம்புனின் இரண்டாவது மணி

இரும்பை இரும்பு அடிக்கும் ஓசை மூடுபனிக்குள் வரும்போது அதில் ஒரு ஈரம் இருக்கும். காதில் விழுவதற்கு முன்பே பல்லைக் கூசவைக்கும். நான் பிறந்து வளர்ந்த புக்கிட் எம்புனில் மழைக்காலத்துப் பிற்பகல்கள் அந்த ஓசையோடுதான் கழிந்தன. ஜொகூரின் உட்பகுதியில், ரப்பர்த் தோட்டங்களையெல்லாம் தாண்டி, மலைக்காட்டின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர் அது. ஒரே தெரு, நாற்பது வீடுகள், ஒரு சீனர் மளிகைக்கடை, ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவு சிறிய ஊருக்கும் ஒரு "டவுன் போர்டு" இருந்தது. பலகைக் கட்டடம், அதற்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கணக்கெழுத ஒரு கிராணி; போர்டு என்பது இவ்வளவுதான்.

அந்தப் போர்டில் என் அப்பா "மண்டோர்". தெரு கூட்டுவோரை மேற்பார்வையிடுவது, காட்டுப்பாதையில் புதர் வெட்டவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் சேரும். போர்டு வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது; அதுதான் ஊருக்கு மணி. பனி இறங்கிவிட்டால் நீட்டிய கை நமக்கே தெரியாது. வெளியே போனவர்கள் ஓசையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பட்டும் என்று, பனி விலகும்வரை அப்பா அதைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார்.

பனிக்கு ஊரில் ஒரு சட்டமும் இருந்தது. தொட்டிக்குக் காவலிருந்த பாக் சமாட் என்ற மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் விரலை உயர்த்தி, "ஜாங்ஙான் சாவுட்" என்பார். காட்டில் எது கூப்பிட்டாலும் பதில் கொடுக்காதே என்று பொருள். எங்கள் ஆட்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்: "பனிக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. கேட்டுக்கிட்டிருக்கறது பேரைக் கத்துக்கும்." கேட்டுக்கொண்டிருப்பது எது என்று யாரும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டில் பொன்னாயி அக்கா இருந்தார். போர்டு மாட்டுவண்டிக்காரரின் மனைவி, பிள்ளை இல்லாதவர். என் தலையில் பேன் பார்ப்பதும் சடை பின்னுவதும் அவர்தான். பின்னிக்கொண்டிருக்கும்போதே எதையாவது நினைத்துச் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு அவர் முழங்காலிலிருந்து என் முதுகுக்கு ஏறும்.

எனக்கு எட்டு வயதான மழைக்காலத்தில் ஒரு நாள், மதியச் சோற்றுக்குப் பிறகு அம்மாவும் பொன்னாயி அக்காவும் விறகு பொறுக்க மேல்காட்டுக்குப் போனார்கள். அவர்கள் போய்ச் சற்று நேரத்துக்கெல்லாம் மலையிலிருந்து பனி பால் கொட்டியதுபோல் இறங்கியது. அப்பா தண்டவாளத்தை அடிக்கத் தொடங்கினார். நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று அடி அடிப்பார், தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார், மறுபடி மூன்று அடி. சுத்தியல் பிடி வழுக்கியபோதுதான் அவர் உள்ளங்கை கிழிந்திருப்பதைப் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து அம்மா வந்தார். சேலை முழுவதும் முள் கிழித்திருந்தது. தனியாக வந்தார்.

"பொன்னாயி எங்கே?" என்றார் அப்பா.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மணி கேட்டுச்சுங்க," என்றார். "ஒண்ணு தூரத்துல, கீழ. ஒண்ணு பக்கத்துலயே, மேல. பக்கத்துல கேட்டது நிக்கவே இல்ல, அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மனுசன் கை அப்படி அடிக்காது, நின்னு நின்னு கேக்கறதுதான் நம்ம மணின்னு சொன்னேன். 'இவ்ளோ கிட்ட கேக்குதேக்கா, வாங்க'ன்னு சொல்லிட்டு முன்னால நடந்துட்டா. ரெண்டு எட்டு. அப்புறம் ஆளைக் காணோம்."

"கூப்பிடலையா?"

"எப்படிங்க பேர் சொல்லிக் கூப்பிடறது?" என்றார் அம்மா.

மூன்று நாள் ஊரே தேடியது. சீனக் கடைக்காரரும் கடையை மூடிவிட்டு விளக்கோடு வந்தார். மூன்றாம் நாள் பாக் சமாட் பொன்னாயி அக்காவின் விறகுக்கட்டைக் கண்டுபிடித்தார். எறிந்ததுபோல் இல்லாமல், ஒரு மரத்தில் நேராகச் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அவர் தலைத்துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மரத்துக்கு அப்பால் காலடித் தடமே இல்லை. அன்றோடு தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்கும் இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் மீண்டும் பனி. அப்பா மணியடிக்கப் போயிருந்தார். நானும் அம்மாவும் கதவைத் தாழிட்டு அடுப்பருகே இருந்தோம். கதவில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு, "அக்கா. கதவத் தொறங்கக்கா. குளுருது."

நான் எழுந்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்தி வாயைப் பொத்தினார். அந்தக் கையின் அழுத்தம் இன்றும் என் உதட்டில் இருக்கிறது. குரல் இன்னும் இரண்டு முறை கேட்டது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தணிந்து. பிறகு தண்டவாளம் மட்டும் ஒலித்தது. பனி விலகியதும் அம்மா கதவைத் திறந்தார். வாசற்படி ஈரமாயிருந்தது, ஊரில் அன்று எல்லார் படியும்தான் ஈரம்.

வண்டிக்காரர் மாட்டைப் போர்டில் ஒப்படைத்துவிட்டு மலையை விட்டு இறங்கிப் போனார். அந்தக் குரலைப் பற்றி அம்மா அவரிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. சில வருடங்களில் போர்டும் எடுபட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே தோட்டங்களுக்கு இறங்கின, நாங்களும் இறங்கினோம்.

இப்போது ஸ்கூடாயில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாசலில் நாள் முழுவதும் வாகனங்கள். சில வருடங்களுக்கு முன் பேரன் என்னை அந்த மலைக்கு அழைத்துப் போனான். தெரு இருந்த இடத்தை என்னால் காட்ட முடியவில்லை. தொட்டியின் ஒரு சுவர் மட்டும் வேர்களுக்கு நடுவே நின்றது; பலகைக் கட்டடமும் கடையும் வீடுகளும் இருந்ததற்கு ஒரு செங்கல்கூடச் சாட்சியில்லை. அங்கே வாழ்ந்தவர்களில் இன்று எனக்குத் தெரிந்து உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.

அம்மா இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், எதையோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "அஞ்சு நாள் காட்டுல ஒரு பொம்பள உயிரோட இருக்க முடியாதுல்ல?" என்று கேட்டார். "முடியாதும்மா," என்றேன். "அது அவ குரல் மாதிரி இல்லைல்ல?" என்றார். "இல்லம்மா, வேற மாதிரி இருந்துச்சு," என்றேன். அம்மா தலையாட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

அது பொன்னாயி அக்காவின் குரல்தான்.