மழைக்கால ஜெட்

வாயில் வைத்து ஊதியபோது காற்று தடங்கல் இல்லாமல் வெளியேறியது. கோட்டைச்சாமி கார்பரேட்டரில் பெட்ரோல் இறங்குகிற அந்தப் பித்தளை ஜெட்டை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தார். கடுகுகூட நுழையாத ஓட்டை. அதற்குள் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. நாக்கில் ஒட்டிய பெட்ரோலைத் துப்பிவிட்டு மறுபடியும் வானத்தைப் பார்த்தார். மேகம் கலைந்துபோயிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் வெயில் முழுதாக விழுந்து கிடந்தது.

நேற்றுவரை மோடம். புரட்டாசி முடிகிற சமயத்தில் இரண்டு நாளாகத் தூறலும் குளிர்காற்றுமாக இருந்தது. சூரியன் இல்லாவிட்டால் வெடி காயாது. வெடிக் கம்பெனிகளில் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவனான மாரிக்கண்ணன்தான் இந்த வண்டியைக் கடையில் விட்டுப் போயிருந்தான்.

பழைய மேக்ஸ் ஹண்ட்ரட் பைக். நேற்று அதைத் தள்ளிக்கொண்டே வந்து ஸ்டாண்ட் போட்டான்.

"என்னண்ணே இது, காலையில எம்புட்டு உதைச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குது. எம் பொண்டாட்டியாவது ரெண்டு சத்தத்துக்கு எந்திரிச்சிருவா."

"குளிரு இறங்கிருச்சுலே. நீ இன்னும் வெயில் ஜெட்டுல ஓட்டிக்கிட்டிருக்க. காத்து கனத்துப்போச்சு. அதுக்குத் தக்கன பெட்ரோல் பத்தல."

"அப்ப மழை ஜெட்டப் போட்டு விடுங்க. எப்பத் தருவீக?"

கோட்டைச்சாமி அண்ணாந்து பார்த்தார். மேற்கே கருப்பாக இருந்தது. "நாளைக்கும் மோடந்தான். உனக்கு வேலை கிடையாது. சாவகாசமா வா."

"சரி, அப்ப இருக்கன்குடி கோயிலுக்குப் பஸ் ஏறிர வேண்டியதான். மக காய்ச்சலுக்கு நேர்ந்தது இன்னும் தலைமேலயே நிக்கி." மாரிக்கண்ணன் தன் முடியைப் பிடித்து இழுத்துக் காட்டினான். "மொட்டத் தலையோட வந்து நின்னா வண்டியக் குடுப்பீகளா? யாருலே நீன்னு கேப்பீக."

"சாவி ஒங்கிட்டதான இருக்கு. போலே."

அவன் சிரித்துக்கொண்டே நடந்து போனான். வண்டி இல்லாமல் அவன் நடந்ததைக் கோட்டைச்சாமி அன்றைக்குத்தான் பார்த்தார். பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போவதென்றாலும் வண்டியை எடுக்கிறவன்.

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற சாலையில், ஊருக்குள் திரும்புகிற விலக்கில் கோட்டைச்சாமியின் கடை. கம்பெனிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பருவம் மாறுகிற வாரங்களில் விடிவதற்கு முன்பே திறந்துவிடுவார். வருகிறவர்கள் எஞ்சினை அணைக்காமலே நிறுத்துவார்கள். அவர் திருப்புளியைக் கார்பரேட்டரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டபடியே ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே தள்ளுவார். சித்திரை பிறந்தால் அதே கால் சுற்றை வெளியே எடுப்பார். பழைய வண்டிகளுக்கு அது போதாது, ஜெட்டையே மாற்ற வேண்டும். கழற்றிய ஜெட்டை மருந்துக் குப்பியில் போட்டு, வண்டிக்காரன் பெயரை ஒட்டி வைத்திருப்பார். ஊரில் அவருக்குப் பெயரே ஜெட்டு.

இளவட்டத்தில் அவரும் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தியவர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துக் கூலி வாங்கியவர்கள். கம்பெனி வந்ததும் குடும்பமே அங்கே போனது. அலுமினியப் பவுடர் ஒட்டிய கையோடு சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அதற்காகத்தான் சாத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சேர்ந்தார். "அங்கன மருந்து நாத்தம், இங்கன பெட்ரோல் நாத்தம். நான் மணக்க மணக்க ஒரு நாளாவது ஒங்க பக்கத்துல படுத்திருக்கனா?" என்று அவருடைய மனைவி பொன்மணி கேட்பாள். அவருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. எப்போதும் யார் வண்டியாவது கடையில் நிற்கும். அதில் போய்விட்டு வருவார்.

மழைக்கான பெரிய ஜெட்டைப் பொருத்திக் கார்பரேட்டர் கிண்ணத்தை மூடி, கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோது தரை குலுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது. இன்னொரு தடவை. அதற்கப்புறம் பொரிகிற மாதிரி வரிசையாக.

ஓடைக்கு அந்தப் பக்கம், வெடிக் கம்பெனி இருந்த திசையில் வெள்ளைப் புகை எழுந்தது. நுனி மட்டும் மஞ்சளாக இருந்தது. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைச்சாமி ஓடினார்.

கம்பெனி கேட்டுக்கு வெகு தூரத்திலேயே போலீஸ் கயிறு கட்டியிருந்தது. உள்ளே இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்கள் போயின, வந்தன, மறுபடியும் போயின. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வண்டி நிறுத்துகிற கொட்டகை. ஜனம் முழுக்க அங்கேதான் முண்டியடித்தது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. இந்தப் பக்கத்தில் எங்கே வெடித்தாலும் முதலில் கொட்டகையைத்தான் பார்ப்பார்கள். தப்பியவன் வெளியே வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவான். எந்த வண்டி நிற்கிறதோ அந்த ஆள் வரவில்லை.

எல்லாம் ஒரே கருப்பு, ஒரே மாதிரி வண்டிகள். பெண்களுக்கு நம்பர் தெரியவில்லை. ஒரு போலீஸ்காரர் கோட்டைச்சாமியைப் பார்த்து, "நீங்க மெக்கானிக்தான? எது எது யாரோடதுன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னார். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். சைலன்ஸரில் பற்றவைத்தது ஒச்சப்பனோடது. சீட் கிழிந்தது சோலைச்சாமியோடது. சொல்லச் சொல்லப் பின்னால் ஒவ்வொரு வீட்டின் அழுகையாகக் கிளம்பியது. நாகையாவின் வண்டி என்றபோது நாகையாவின் பெண்சாதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அந்த வண்டியை அவரால் நின்று பார்க்க முடியவில்லை. அடுத்ததற்குப் போனார்.

வேலுத்தாய் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து ஓடி வந்தாள். மாரிக்கண்ணனின் மனைவி. இருட்டோடு கம்பெனி வேனில் ஏறிப் போகிறவள். கழுத்திலும் கையிலும் மருந்து காய்ந்திருந்தது.

"அண்ணே! அவுக வண்டி நிக்குதா?"

"நிக்கல தாயி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"என்னத்தப் பாக்க? வண்டி என் கடையிலல்ல கெடக்கு. இப்பத்தான் ஜெட்டப் பூட்டிட்டு வாரேன். அவன் வேலைக்கே வரல. இருக்கன்குடிக்குப் போறேன்னான்."

வேலுத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவாண்ணே? நான் கிளம்பயில தூங்கிக்கிட்டுல்ல இருந்தாக."

"வண்டி இல்லாம வெத்தலைக்குக்கூடப் போக மாட்டான், உனக்குத் தெரியாதா. மொட்டையப் போட்டுட்டு ஆத்துல குளிச்சிக்கிட்டு இருப்பான். போய்ப் பாரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சுற்றி இருக்கிற பெண்களைப் பார்த்ததும் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளுடைய செல்போன் தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை. "கண்ணால பாத்தாத்தாண்ணே மனசு ஆறும்" என்று சாத்தூர் பஸ் பிடிக்க ஓடினாள். அத்தனை பேரில் ஒருத்திக்காவது நல்ல சேதி சொன்னோம் என்று கோட்டைச்சாமி நினைத்தார்.

உச்சிக்குப் பிறகு கொட்டகையைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆட்கள் ஆளுக்கொரு வண்டியாகச் சாலைக்குத் தள்ளினார்கள். நாகையாவின் வண்டி கோட்டைச்சாமியின் கைக்கு வந்தது. ஹாண்டிலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள் தொங்கின. வலது பக்கம் நாகையாவின் ஒயர்க்கூடை. இடது பக்கம் ஒரு மஞ்சப்பை.

மஞ்சப்பைக்குள் எவர்சில்வர் தூக்குவாளி. வெயிலில் சுட்டது. மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படித்தார். வேலுத்தாய். கல்யாணச் சீர்ப் பாத்திரம்.

அவர் வண்டியைச் சாலையிலேயே சாய்த்துவிட்டு, காதில் பஞ்சு அடைத்து உட்கார்ந்திருந்த ஒரு தொழிலாளியிடம் போனார்.

"மாரிக்கண்ணன் வந்தானா?"

"வந்தானே. வெயிலடிச்சதும் போர்மேன் போன் போட்டுட்டாரு, ரெண்டு நாள் ஆர்டர் தேங்கிக் கெடக்குன்னு. நாகையா வண்டியில பின்னால உக்காந்துதான் வந்தான்."

"எங்கன இருக்கான்?"

"அவன ஏத்திவிட்டதே நாந்தான். நாகையாவக் கண்டுபிடிக்கவே இல்ல. இவன் நல்லா பேசுனான். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. வேலுக்குச் சொல்லி அனுப்புங்கன்னான். யாரும் சொல்லலயா?"

வேலுத்தாயை இருக்கன்குடியிலிருந்து அழைத்துப் போக ஊரில் மிச்சம் ஒரு வண்டி இல்லை. எல்லாம் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தன; கொட்டகை வண்டிகளைப் போலீஸ் எடுக்க விடாது. கடையில் மேக்ஸ் ஹண்ட்ரட் மட்டும் நின்றது. சாவி மாரிக்கண்ணனிடம். கோட்டைச்சாமி ஒயரைப் பிரித்து நேராகச் சேர்த்தார். வெயில் தார் உருகுகிற மாதிரி அடித்தது. உள்ளே இருப்பது மழை ஜெட். வெயிலுக்கான சின்ன ஜெட் குப்பியில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மாற்றலாமா என்று ஒரு கணம் நின்றார். மாற்றாமல் உதைத்தார்.

சாத்தூர் தாண்டும்வரை ஓடியது. அதற்கப்புறம் முனகத் தொடங்கியது. சூட்டில் காற்று இளைத்துப்போயிருந்தது. பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டியது. பின்னால் புகை கட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் பிளக்கைக் கழற்றினார். நனைந்து கரியாக இருந்தது. உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, மாட்டி உதைத்தார்.

வெள்ளிக்கிழமை. இருக்கன்குடி ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். வேலுத்தாய் முடியெடுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சந்தனம் பூசிய தலைகள் வரிசையாக ஆற்றிலிருந்து ஏறி வந்தன. ஒவ்வொரு முகமாக அவள் குனிந்து பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள்.

அவரைப் பார்த்ததும் அவளே ஓடி வந்தாள். "மொட்ட போட்டதுல அடையாளமே தெரிய மாட்டேங்குதுண்ணே. ஒருவேளை சாப்பிடப் போயிருப்பாகளோ?"

"தாயி, வண்டியில ஏறு."

"அவுக?"

"விருதுநகர் ஆஸ்பத்திரியில இருக்கான். நல்லா பேசுறானாம்."

"நீங்கதானண்ணே வரலன்னு சொன்னீக."

"ஆமா தாயி. ஏறு."

நான்குவழிச் சாலையில் வண்டி நாலைந்து மைல் ஓடி அடங்கியது. பிளக்கைத் தேய்த்துப் போட்டார். உதைத்தார். தள்ளி ஓடினார். அவளும் பின்னாலிருந்து தள்ளினாள். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. அவர் உதைத்துக்கொண்டே இருந்தார். வேலுத்தாய் சாலையின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றாள். ஒரு மினி லாரி நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெயரைக் கேட்டுவிட்டு வேலுத்தாயைப் பார்த்தாள்.

"நீங்க அவர் வீட்டுக்காரங்களா? இவ்வளவு நேரம் எங்கே இருந்தீங்க? கொஞ்ச முன்ன வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரே."

வேலுத்தாய் உள்ளே போனாள். கோட்டைச்சாமி வராந்தாவில் நின்றார். கை முழுக்கக் கரி. உள்ளேயிருந்து அவள் அழுகை வந்தது.

மறுநாளும் வெயில் அடித்தது. உடலை மதியத்துக்கு மேல்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு ஊரில் ஆறு பேரை எடுத்தார்கள். மாரிக்கண்ணனுக்கு அவன் அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். கோட்டைச்சாமி கூட்டத்தின் கடைசியில் நடந்தார். தூக்குவாளியைப் பொன்மணி கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வேலுத்தாய் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள் என்று வந்து சொன்னாள்.

அதன் பிறகு அவர் சாத்தூர் பஸ்ஸில் போய், இன்னொரு பஸ் மாறி, நான்குவழிச் சாலையில் இறங்கினார். வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. கிண்ணத்தைக் கழற்றிப் பெரிய ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டார். முதல் உதையில் எடுத்தது. ஊர் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. மாரிக்கண்ணன் வீட்டுப் பக்கவாட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்தார்.

கடை வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் வண்டியோடு காத்திருந்தார். காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது என்றார். மழைக்குத் தகுந்த மாதிரி வைத்துவிடலாமா, இனிமேல் மழைதானே என்று கேட்டார். கோட்டைச்சாமி தனக்குத் தெரியவில்லை என்றார். அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.