ஐந்தாவது செமஸ்டர், இரண்டாம் முறை

எங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்பு இயக்குநர் சுந்தரத்துக்கு அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அவர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் நான் சொல்கிறேன். திருப்பத்தூரிலிருந்து மாநில எல்லை தாண்டிப் பொம்மசந்திராவுக்கு வந்து கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர், எங்கள் சேர்மனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். சுந்தரத்தின் மருமகன் ஜெர்மனியில் இருந்தான். மகளின் பிரசவத்துக்குப் போய், குழந்தைத் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான், உலகம் தெரிந்த மனிதர் ஆகிவிட்டார். சந்தாபுராவில் உள்ள எங்கள் வளாகத்தில் கண்ணாடி அறை, மேஜை நிறைய நாட்டுக் கொடிகள். கொடிகளைத் துடைப்பதுதான் அவருடைய காலை வேலை.

வெளிநாட்டோடு மாணவர்களை மாற்றிக்கொள்ளும் திட்டத்தில் சேர ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தரச் சான்று வேண்டும், அங்கிருந்து வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்குறுதி: மாணவர் அங்கே பாஸ் செய்த பாடங்களை இங்கே முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். கூரியர்காரனிடம் பார்சல் வாங்குவதுபோலச் சுந்தரம் அதில் கையெழுத்துப் போட்டார்.

முதலில் போனவள் ரூபினி. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. போலந்தில் ஒரு செமஸ்டர் படித்து எல்லாப் பாடத்திலும் பாஸ் செய்துவிட்டு வந்தாள். வந்தவளிடம் சுந்தரம் சொன்னது இது:

"அந்த சப்ஜெக்ட்லாம் நம்ம சிலபஸ்ல இல்லம்மா. ஜூனியர்ங்களோட உக்காந்து அஞ்சாவது செமஸ்டர இன்னொரு வாட்டி எழுதிடு."

"சார், அடுத்த வருஷம் ஜூலைல வேலைக்குச் சேரணும். டிகிரி தள்ளிப்போச்சுன்னா அந்த வேலையும் போயிடும்."

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கொஞ்சம்தானே. அப்புறம் பாக்கலாம்."

பாடக்குழுவைக் கூட்டினால் தீர்கிற விஷயம். ஆனால் கூட்டினால், படிக்காமலா கையெழுத்துப் போட்டீர் என்று சேர்மன் கேட்பார். அந்தப் பயத்துக்கு அந்தப் பெண்ணின் வேலையைக் காவு கொடுக்கத் துணிந்தார். அதுவரை அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல், அன்றிலிருந்து அருவருப்பு.

பிறகு திட்டத்தில் எங்களைத் தொடர விடலாமா என்று பார்க்கப் போலந்திலிருந்து இருவர் வந்தார்கள். அவர்களுக்கு மைசூர் தலைப்பாகை, சந்தன மாலை. ரூபினியைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தார் சுந்தரம்.

"சந்தோஷமா இருக்கேன்னு மட்டும் சொல்லு, போதும்."

வந்த இருவரில் ஒருவரான அம்மையார் அவளிடம் இப்போது எந்த செமஸ்டர் என்று கேட்டார். ரூபினி எழுந்து நின்றாள். ஐந்தாவது செமஸ்டர், இரண்டாம் முறை என்றாள். உங்களிடம் படித்ததை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்றாள். நின்றபடியே முழுதும் சொல்லி முடித்தாள்.

சுந்தரம் சிரித்து, ஜோக் அடிக்கிறாள் என்று சமாளித்தார். அம்மையார் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இந்தப் பெண் படித்ததை ஏற்கும்வரை உங்களுக்குத் திட்டத்தில் இடமில்லை என்றார்.

மாதக்கணக்கில் கூடாத பாடக்குழு அன்று மாலையே கூடி, டீ ஆறுவதற்குள் கலைந்தது. ரூபினியின் பாடங்கள் அத்தனையும் ஏற்கப்பட்டன.

மறுநாள் வராந்தாவில் சுந்தரம் அவளை வழிமறித்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேன்ல, அப்புறம் பாக்கலாம்னு."

ரூபினி அவரைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். சுந்தரம் கொடிகளைத் துடைக்கப் போனார்.