"நாளைக்கு அந்தப் பக்கம் வாரேன்"

'முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யப்பட்டது' என்று ஓர் இல்லத்தைப் பற்றி எழுதி நான் கையெழுத்திட்ட அறிக்கைகள் எல்லாம் பொய். முந்தைய நாளே அந்த இல்லத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒரு முறையல்ல... ஒன்பது ஆண்டுகள்!

நான் நாசரேத்தில் படித்து வளர்ந்தவன். தூத்துக்குடியில் அரசு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களுக்குப் போய், அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. சொல்லாமல் போக வேண்டும் என்பதுதான் அந்த வேலைக்கு உயிரே!

லஞ்சம் வாங்காதவன் என்று பெருமையாகத் திரிந்தவன் நான். போன் செய்தது மரியாதைக்காக. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கும் திடுதிப்பென்று போய் நிற்க மாட்டோம். உப்பளங்களைத் தாண்டியிருந்த அந்த இல்லத்தின் தாளாளரோ என் ஊர்க்காரர், ஒரே பள்ளிக்கூடம். "நாளைக்கு அந்தப் பக்கம் வாரேன்" என்பேன். அவ்வளவுதான்.

மறுநாள் போனால் தரை கழுவியிருக்கும். எல்லோரும் பவுடர் பூசி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஈரம்கூட உலராத தலைகள்... அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் மேல் இவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று நினைத்தேன்!

ஒரு நாள் பிரகாசியம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். திரேஸ்புரத்தில் மீன் விற்பவர். அவருடைய மகன் மிக்கேல் அந்த இல்லத்தில்தான் இருந்தான். முப்பது வயது. பேச்சு வராது.

"சார், எம் மவன் கைய வந்து பாருங்க. ரெண்டு மணிக்கட்டுலயும் தடம் கெடக்கு. கேட்டா, கொசு கடிச்சத அவனே சொறிஞ்சிட்டான்னு சொல்லுதாவ. ஏன் சார், கொசு என்ன, வளையல் மாதிரி சுத்திச் சுத்தியா கடிக்கும்?"

அலுவலகத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க போறத மட்டும் அவ்வொகிட்ட சொல்லிராதிய சார்."

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

அன்று மாலையே போன் செய்தேன்.

ஏன்? ஊர்க்காரர் தலைகுனியக் கூடாது என்றா? பழக்க தோஷமா? தவறு இருந்தால் அவரே திருத்திக்கொள்ளட்டும் என்றுதான் செய்தேன் என இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். எனக்குச் சங்கடம் வரக் கூடாது... அதுதான் காரணம்.

மறுநாள் தாளாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி! சீலா மீன் கொழம்பு வச்சிருக்கு. நீங்க மட்டும் சொல்லாம வந்திருந்தா வெறும் ரசந்தான்!"

சித்திரை வெயில். எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். மிக்கேல் மட்டும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டு. பார்த்தேன்... நன்றாகவே பார்த்தேன்! அவன் எழுந்து என்னிடம் வந்தான். இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டினான்.

இரண்டு பொத்தான்கள். கழற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பையிலிருந்த மிட்டாயை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் விரல்களை மூடவில்லை. மிட்டாய் கீழே விழுந்தது. நீட்டிய கைகளை அவன் இறக்கவில்லை.

"அவனுக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு அண்ணாச்சி" என்றார் தாளாளர்.

நான் சாப்பிடப் போனேன். 'புகாரில் உண்மையில்லை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள்... நான் ஓய்வு பெறும்வரை மிக்கேல் அங்கேயே இருந்தான். எனக்குப் பின் வந்த பெண் அதிகாரி யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிறு மதியம் போனார். பழைய சேலையைக் கிழித்து, ஜன்னல் கம்பியில் மிக்கேலின் கைகளைக் கட்டியிருந்தார்கள். இல்லம் மூடப்பட்டது. அவர்தான் பிறகு என்னிடம் சொன்னார்: "ஆளப் பாத்தா ரெண்டு கையையும் சேத்து நீட்டுதான் சார். அவுத்து விடச் சொல்லுதான்."

கண்காணிப்பை எப்படி மேம்படுத்தலாம் என்று ஆலோசிக்க, சில மாதங்களுக்கு முன் என்னையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். வண்டியில் ஏறிய பிறகுதான் எந்த இல்லம் என்று அதிகாரிக்கே தெரிய வேண்டும், அங்கே பிள்ளையை விட்டிருக்கும் ஒரு தாயையோ தகப்பனையோ வழியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றேன். "அனுபவம் பேசுது!" என்று கை தட்டினார்கள். அது எந்த அனுபவம் என்று நான் சொல்லவில்லை.

போன மாதம் திரேஸ்புரத்துக்குப் போனேன், பிரகாசியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று. இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்.

"ஒங்க மேல கொற இல்ல சார். நீங்க சொல்லாமத்தான் போனிய. அவ்வொதான் எப்பிடியோ மோப்பம் புடிச்சி மறச்சிட்டாவ."

"ஆமாம்மா" என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன்! அந்த வயதான அம்மாளின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

உள்ளேயிருந்து மிக்கேல் வந்தான். என் முன்னால் நின்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். அவிழ்க்க அவற்றில் எதுவுமில்லை. வெளுத்த தழும்புகள் மட்டும், வளையல் மாதிரி, சுற்றிச் சுற்றி...

"டீ ஆறிருது பாருங்க, குடிங்க சார்" என்றார் பிரகாசியம்மாள்.

குடித்தேன்.